பத்து அறை விடுதியும் ஒரு போன் திரையும்: சுற்றுலாத் தொழில் எப்படி மாறியது?

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நின்று பார்த்தால் மாலத்தீவு அப்படியொன்றும் தூர தேசம் இல்லை. காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு அதன் தலைநகர் மாலேவுக்குத் தோணி போகும் துறை அது. நம் அடுப்படிக்கும் அந்தத் தீவுகளுக்கும் மாசிக் கருவாடு வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். சூரையை அவித்து, புகையில் வாட்டி, கட்டை மாதிரி காயவைத்து அனுப்புவார்கள். அதை இடித்துத் தேங்காயோடு சம்பல் செய்வது தென்கடற்கரையிலும் இலங்கையிலும் இன்றும் உண்டு. ஆனால் "மாலத்தீவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாமா?" என்ற பேச்சு நம் நடுத்தரக் குடும்பங்களில் எழுந்தது மிகச் சமீபத்தில்தான். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு நாம் போக ஏன் இத்தனை காலம் பிடித்தது? அப்புறம் எப்படிச் சட்டென்று வழி திறந்தது?

இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனாலே, இணையமும் 'வளரும் சந்தைகள்' என்று சொல்லப்படும் நாடுகளும் சேர்ந்து சுற்றுலாத் தொழிலை எப்படிப் புரட்டிப்போட்டன என்பது பிடிபட்டுவிடும். அதனால் உலகம் முழுவதையும் சுற்றாமல் மாலத்தீவிலேயே நின்று பேசுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'வளரும் சந்தை' என்பது சுற்றுலாவுக்காகப் பிறந்த சொல் அல்ல. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்த அந்துவான் வான் அக்த்மேல் என்பவர் 1981ல் உருவாக்கியது. ஏழை நாடுகளின் பங்குகளில் முதலீடு செய்யும் நிதி ஒன்றைத் தொடங்க நினைத்தார். 'மூன்றாம் உலகம்' என்ற பெயரோடு போனால் யாரும் பணம் போட மாட்டார்கள் என்று தெரிந்ததும் இந்தப் புதுப் பெயரை வைத்தார். இன்று சீனா, இந்தியா, பிரேசில், இந்தோனேசியா என்று வருமானம் வேகமாக உயர்ந்துவரும் நாடுகளை அப்படிச் சொல்கிறோம். சுற்றுலாவில் இதற்கு இரண்டு பக்கம் உண்டு. விருந்தாளியை அனுப்பும் நாடாகவும் இருக்கலாம், விருந்தாளியை வரவேற்கும் நாடாகவும் இருக்கலாம். இந்தியா இரண்டுமாக இருக்கிறது. மாலத்தீவு பெரும்பாலும் வரவேற்கும் பக்கம்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் பிழைப்பே அதுதான்.

அட்டவணைப் புத்தகத்தில் இருந்தால்தான் ஊர்

1960களில் மாலத்தீவுக்கு வந்து பார்த்த ஐ.நா. குழு ஒன்று, இங்கே சுற்றுலா சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டுப் போனது. வங்கி இல்லை, ஒழுங்கான தொலைபேசி இல்லை, தீவுக்குத் தீவு போக நேரம் சொல்லி ஓடும் படகும் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் மாசி வியாபாரம் சரிந்தது. அதே சமயத்தில், 1972ல், ஓர் இத்தாலியப் பயண ஏற்பாட்டாளரும் சில உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து விஹாமனாஃபுஷி என்ற ஆளில்லாத தீவில் குரும்பா என்ற முதல் விடுதியைத் திறந்தார்கள். பேரைப் பார்த்தாலே நமக்குப் புரியும், இளநீருக்கு அவர்கள் மொழியான திவேஹியில் குரும்பா. நம் குரும்பைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். அந்த வருடம் வந்த பயணிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர்.

அதன்பின் உருவான ஏற்பாடு 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்'. மொத்தம் 1,190 தீவுகள் போல இருக்கின்றன. அவற்றில் மக்கள் வாழ்வது இருநூறுக்கும் குறைவு. ஆளில்லாத தீவை அரசு குத்தகைக்கு விடும், பணக்காரர் அங்கே ரிசார்ட் கட்டுவார். மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகளைத் தங்கவைப்பது 1980களில் நிறுத்தப்பட்டது. உள்ளூர்க்காரர் ரிசார்ட்டில் வேலை பார்க்கலாம், மீன் கொண்டுபோய் விற்கலாம். தன் வீட்டு மாடியில் ஒரு பயணியைத் தங்கவைத்துக் காசு பார்க்க முடியாது.

சட்டம் ஒரு பூட்டு என்றால், இன்னொரு பூட்டு விற்பனையில் இருந்தது. அந்தக் காலத்தில் அறைகளை விற்றவர்கள் டூர் ஆபரேட்டர்கள். இந்த முறைக்கு வயது அதிகம். 1841ல் தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர், மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் கூட்டிப்போனார். மொத்தமாக வாங்கி, சில்லறையாக விற்பது என்ற அந்த யோசனைதான் பிறகு பெரிய தொழிலாக வளர்ந்தது. மிலானிலோ லண்டனிலோ இருக்கும் நிறுவனம் மாலத்தீவு ரிசார்ட்டில் நூறு அறைகளைப் பல மாதம் முன்பே மொத்த விலைக்குப் பேசி வைக்கும். விமான இருக்கைகளையும் அப்படியே. இரண்டையும் சேர்த்துப் பொட்டலமாக்கி, பளபளப்பான அட்டவணைப் புத்தகத்தில் படத்தோடு போடும். ஊர் முனையில் இருக்கும் ஏஜென்ட் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவார்.

புத்தகத்தில் இல்லாத ஊர் வாடிக்கையாளருக்கு இல்லாத ஊர்தான். பத்து அறை வைத்திருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்க டூர் ஆபரேட்டருக்கு நேரம் இல்லை. இந்தியரிடம் அந்தப் புத்தகத்தை விற்க யாரும் வரவும் இல்லை. தீவுக்காரரும் நாமும் ஒரே கதவுக்கு வெளியே நின்றிருந்தோம்.

விமான டிக்கெட்டும் இப்படித்தான் பூட்டி வைத்த சரக்காக இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து 1960களில் சேபர் என்ற கணினி முன்பதிவு முறையைக் கொண்டுவந்தன. எந்த விமானத்தில் எத்தனை இருக்கை காலி என்பது அந்தத் திரையில் தெரியும். ஆனால் திரை ஏஜென்டின் மேஜையில் இருந்தது, அவர் பக்கம் திரும்பி. நாம் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைத்தான் பார்க்க முடியும். எங்கள் ஊர் டிராவல்ஸ் கடையில் சிவப்புக் கார்பன் ஒட்டிய டிக்கெட் தாளை ஒரு மாமா கிழித்துக் கொடுத்ததும், அந்தச் சிவப்பு விரலில் ஒட்டிக்கொண்டதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. துபாய்க்குப் போகிறவர்கள் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2008 ஜூன் 1 முதல் தாள் டிக்கெட்டுக்கு விடை கொடுத்தது. அதற்கு முன்பே, 2002 வாக்கில், அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் ஏஜென்டுக்குத் தரும் அடிப்படைக் கமிஷனை நிறுத்தியிருந்தன. திரையை ஏஜென்டின் பக்கத்திலிருந்து நம் பக்கம் திருப்பியது இணையம்.

திரை நம் பக்கம் திரும்பியபோது

1996 இந்தக் கதையில் முக்கியமான வருடம். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பீடியாவைத் தொடங்கியது. நெதர்லாந்தில் ஓர் இளைஞர் புக்கிங்ஸ் என்ற சிறிய இணையதளத்தைத் தொடங்கினார், அதுதான் இன்றைய புக்கிங் டாட் காம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஓடிய கணக்கு வேறு. எக்ஸ்பீடியா பெரும்பாலும் பழைய டூர் ஆபரேட்டர் வழியிலேயே போனது. ஹோட்டலிடம் தள்ளுபடி விலைக்கு அறையை வாங்கி, தன் லாபத்தை வைத்து விற்கும், பணத்தையும் வாடிக்கையாளரிடம் முதலிலேயே வாங்கிவிடும். நெதர்லாந்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். அறையின் விலையை ஹோட்டல்காரரே வைக்கலாம், விருந்தாளி வந்து தங்கிவிட்டு அவர் கையிலேயே பணம் கொடுக்கலாம், மாதம் முடிந்ததும் எங்களுக்குக் கமிஷன் அனுப்பினால் போதும் என்றார்கள். பொதுவாக அது 15 சதவீதம் போல இருக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். முன்பணம் கட்ட வேண்டாம், மொத்த விலைக்கு அறையைத் தள்ளிவிட வேண்டாம், வெளிநாட்டுக்குப் போய் யாரையும் சந்திக்க வேண்டாம். விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. நூறு அறைக்காரரும் நாலு அறைக்காரரும் ஒரே படிவத்தை நிரப்பிவிட்டு ஒரே பட்டியலில் உட்காரலாம். 2005ல் அமெரிக்காவின் பிரைஸ்லைன் சுமார் 13 கோடி டாலருக்கு இந்த நிறுவனத்தை வாங்கியது. அந்தக் குழுமத்தின் தளங்கள் வழியாக 2023ல் நடந்த மொத்த முன்பதிவின் மதிப்பு 15,000 கோடி டாலரைத் தாண்டியது.

இப்படி அறை விற்கும் தளங்களைத் தொழிலில் இருப்பவர்கள் ஓ.டி.ஏ. என்பார்கள், ஆன்லைன் டிராவல் ஏஜென்சி என்பதன் சுருக்கம். மேக்மைட்ரிப், அகோடா எல்லாம் அந்த வகைதான். 2008ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி, ஹோட்டலே இல்லாதவரும் வீட்டின் ஓர் அறையைப் பட்டியலில் போடலாம் என்று இன்னும் ஒரு படி இறங்கி வந்தது.

சரி, பட்டியலில் பேர் வந்தால் மட்டும் போதுமா? முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு, கடல் தாண்டி, மனைவி மக்களோடு யார் போவார்கள்? பெரிய ஹோட்டலுக்குப் பேர் இருக்கிறது, அதுவே நம்பிக்கை. சிறியவருக்கு அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்தது ரிவ்யூ. 2000ல் தொடங்கிய டிரிப்அட்வைசர் இதைத் தனித் தொழிலாகவே வளர்த்தது. தங்கிவிட்டுப் போனவர் எழுதும் நாலு வரிதான் அடுத்தவருக்கு உத்தரவாதம். 'குளியலறை சுத்தம், காலை உணவில் மஸ்ஹூனி அருமை, படகுத்துறைக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்' என்று ஒருவர் எழுதினால், அந்த வரியே விளம்பரமாகிவிடும். மஸ்ஹூனி வேறொன்றும் இல்லை, மாசியோ சூரையோ தேங்காயும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்தது, ரொஷி என்னும் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். நம் சம்பலுக்குத் தம்பி முறை.

மாஃபுஷி

மாலத்தீவில் 2008ல் பல கட்சித் தேர்தல் நடந்து முகமது நஷீத் அதிபரானார். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி திறந்தது. சட்டத்தின் பூட்டு திறந்த நேரத்தில் விற்பனைப் பூட்டும் ஏற்கெனவே திறந்திருந்தது என்பதுதான் நல்வாய்ப்பு. இருபது வருடம் முன்பே இந்த அனுமதி கிடைத்திருந்தால், தீவுக்காரர் அறையைக் கட்டிவிட்டு விருந்தாளிக்கு எங்கே போயிருப்பார்?

மாலேவிலிருந்து தெற்கே சுமார் 27 கிலோமீட்டரில் மாஃபுஷி. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் அதிலும் கொஞ்சம்தான். மீன்பிடிதான் பிழைப்பு, நாட்டின் பெரிய சிறையும் இங்கேதான். 2004 சுனாமியில் அடிபட்ட ஊர். 2010 வாக்கில் முதல் கெஸ்ட் ஹவுஸ் வந்தது. இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு விடுதிப் பலகைகள், நீச்சல் கற்றுத்தரும் கடைகள், டால்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகளின் விலைப்பட்டியல்கள். ரிசார்ட் தீவுக்குக் கடல் விமானத்தில் போக ஆகும் செலவில் இங்கே சில நாள் தங்கி, சாப்பிட்டு, ஆமையும் பார்த்துவிடலாம். மாலேவிலிருந்து சாதாரணப் படகில் ஒன்றரை மணி நேரம், ஸ்பீட் போட்டில் அரை மணிக்குச் சற்று மேல். நாடு முழுவதும் இப்போது கெஸ்ட் ஹவுஸ்கள் எண்ணூறைத் தாண்டிவிட்டன, ரிசார்ட்டுகள் இருநூறைத் தொடவில்லை.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மாலத்தீவு முழுக்க முஸ்லிம் நாடு. ஊர் நடுவே நீச்சலுடையில் நடப்பதை ஊர்க்காரர்கள் விரும்பவில்லை. அதனால் கடற்கரையில் ஒரு துண்டை மட்டும் பிரித்து, மறைப்புக் கட்டி, 'பிகினி பீச்' என்று பலகை வைத்தார்கள். மக்கள் வாழும் தீவில் மது கூடாது. ஆனால் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நங்கூரமிட்ட படகில் அது கிடைக்கும். பள்ளிவாசலும் பயணியும் ஒரே தெருவில் இருக்க வேண்டிய நிலைக்குத் தீவுக்காரர்கள் தாங்களே கண்டுபிடித்த வழி இது. யாரோ வெளியூர் நிபுணர் வந்து சொல்லித் தந்ததல்ல. எனக்கு இந்த ஊரின்மேல் மரியாதை வருவதே இதனால்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. மாஃபுஷியில் ஓர் அறையை ஓ.டி.ஏ. வழியாக ஒரு நாளுக்கு 60 டாலருக்குப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர், நாலு இரவு. அறைக் கட்டணம் 240 டாலர். சிறிய கெஸ்ட் ஹவுஸில் தங்குபவருக்கு 2025 ஜனவரியிலிருந்து பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், அது 48. சுற்றுலாப் பொருள் சேவை வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அது சுமார் 41. சேவைக் கட்டணத்தை விட்டுவிட்டால் உங்கள் கையிலிருந்து போவது 329 டாலர். வரிகள் அரசுக்குப் போய்விடும். 240ல் 15 சதவீதம், அதாவது 36 டாலர், தளத்துக்குக் கமிஷன். விடுதிக்காரர் கையில் நிற்பது 204. அதில்தான் ஜெனரேட்டர் டீசல், படுக்கை விரிப்பு சலவை, வங்கதேசத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் பையனின் சம்பளம், வாங்கிய கடனின் தவணை எல்லாம். இந்த 36 டாலரை மறந்துவிட வேண்டாம், மறுபடியும் அதற்கு வருவேன்.

விருந்தாளியின் முகம் மாறியது

இது வரை சொன்னது கதவு திறந்த கதை. அதன் வழியாக உள்ளே வந்தவர்கள் யார்?

2010 வரை மாலத்தீவுக்கு வந்தவர்களில் ஐரோப்பியர்தான் பெரும்பாலோர். அந்த வருடம் பிரிட்டனை முந்திக்கொண்டு சீனா முதலிடத்துக்கு வந்தது. 2014ல் வந்த ஏறக்குறைய 12 லட்சம் பயணிகளில் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் சீனர்கள். பத்துப் பேரில் மூன்று பேர்! இது மாலத்தீவில் மட்டும் நடந்ததல்ல. 2000ல் சீன மக்கள் மேற்கொண்ட வெளிப் பயணங்கள் சுமார் ஒரு கோடி. 2019ல் அது 15 கோடியைத் தாண்டியது. வெளிநாட்டுப் பயணத்தில் அதிகம் செலவு செய்யும் நாடு என்ற இடத்தை 2012லேயே சீனா பிடித்துவிட்டது.

விருந்தாளி மாறினால் வீடும் மாற வேண்டும். 2011ல் ஹில்டன் ஹோட்டல்கள் 'ஹுவான்யிங்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தன. சீன மொழியில் அதற்கு 'நல்வரவு' என்று பொருள். அறையில் வெந்நீர்க் கெண்டியும் தேயிலையும், காலுக்கு வீட்டுச் செருப்பு, காலையில் அரிசிக் கஞ்சி, வரவேற்பில் சீன மொழி பேச ஓர் ஆள். அவ்வளவுதான் திட்டம். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அதுவரை உலகம் முழுக்க ஹோட்டல் காலை உணவு என்றால் ரொட்டியும் முட்டையும்தான், ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு கெண்டி வெந்நீரைக் கேட்டு வாங்கும் அளவுக்கு ஆசிய விருந்தாளியின் கை ஓங்கியதை அந்தக் கஞ்சிக் கிண்ணத்தில் பார்க்கிறேன்.

இணையமும் இங்கே வேறு முகம் காட்டியது. சீனப் பயணி கூகுளில் தேடுவதில்லை, இன்ஸ்டாகிராமில் பார்ப்பதில்லை. 1999ல் ஷாங்காயில் தொடங்கி, விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் அட்டை விநியோகித்து வளர்ந்த சிட்ரிப்பில் அறை பிடிப்பார், வீசாட்டில் பேசுவார், அலிபேயில் பணம் கொடுப்பார். எங்கே போகலாம் என்பதை 2013ல் வந்த சியாவ்ஹோங்ஷூ செயலியில் மற்ற பயணிகள் எழுதிய குறிப்பைப் படித்து முடிவு செய்வார். ஆகவே 'இணையம்' என்று ஒருமையில் சொல்வதே அரைகுறை. விடுதிக்காரருக்குக் குறைந்தது இரண்டு இணையம் இருக்கிறது, இரண்டிலும் கடை போட வேண்டும்.

இந்தியர் வந்த வழி இன்னும் வேறு. நம் ஆட்களுக்குத் திரையில் பணம் கட்டப் பழக்கியது வெளிநாட்டுச் சுற்றுலா அல்ல, ரயில். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. 2003ல் ஏர் டெக்கான் மலிவு விலை விமானத்தைப் பறக்கவிட்டது. 2006ல், தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் திண்டாடிய பெங்களூர் பொறியாளர் ஒருவரின் அனுபவத்திலிருந்து ரெட்பஸ் பிறந்தது. மேக்மைட்ரிப் 2000ல் தொடங்கியபோது அமெரிக்காவில் வாழும் இந்தியர்களை நம்பித்தான் தொடங்கியது. உள்நாட்டுச் சந்தைக்கு அது வந்ததே 2005ல்தான். தட்கல் திறக்கும் நிமிடத்துக்காகக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து பழகிய தலைமுறைக்கு, மாஃபுஷியில் ஓர் அறை பிடிப்பது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

2018ல் மாலத்தீவுக்குப் போன இந்தியர் 90 ஆயிரம் பேர். 2019ல் 1 லட்சத்து 66 ஆயிரம். அப்புறம் கொரோனா வந்தது. 2020 ஜூலை 15 அன்று மாலத்தீவு எல்லா நாட்டவருக்கும் கதவைத் திறந்தபோது, சீனர் வெளியே வர முடியாத நிலை. இந்தி சினிமா நட்சத்திரங்கள் அங்கே போய் நீலக் கடல் முன்னால் நின்று படம் போட்டார்கள். அதைப் பார்த்தவர்களும் கிளம்பினார்கள். 2021ல் போனவர்கள் 2 லட்சத்து 91 ஆயிரம் இந்தியர், வேறெந்த நாட்டையும்விட அதிகம். 2023 வரை இந்தியாதான் முதலிடம்.

பிறகு 2024 ஜனவரி. லட்சத்தீவுக் கடற்கரையில் எடுத்த படங்களைப் பிரதமர் மோடி சமூக ஊடகத்தில் போட்டார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் அதற்கு இழிவான பதில்கள் எழுதி, பதவியிலிருந்து இடைநீக்கம் ஆனார்கள். இந்தியாவில் 'மாலத்தீவைப் புறக்கணிப்போம்' என்ற ஹேஷ்டேக் கிளம்பியது. ஈஸ்மைட்ரிப் நிறுவனம் அந்த நாட்டுக்கு விமான முன்பதிவையே நிறுத்தியது. எல்லாம் சில நாட்களுக்குள். 2023ல் 2 லட்சத்து 9 ஆயிரமாக இருந்த இந்தியப் பயணிகள், 2024ல் 1 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தார்கள். மாலத்தீவு அதிபர் அதே ஜனவரியில் சீனா போயிருந்தபோது, இன்னும் அதிகமான பயணிகளை அனுப்புங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். சீனர் திரும்பி வந்தார்கள், அந்த வருட மொத்த வருகை முதன்முறையாக 20 லட்சத்தைத் தாண்டியது. நாட்டின் கணக்குப் புத்தகத்தில் நட்டம் தெரியவில்லை. ஆனால் இந்தியக் குடும்பங்களை நம்பி, சமையலறையில் தனி சைவச் சட்டி வைத்து, பருப்பும் சப்பாத்தியும் செய்யப் பழகிய விடுதிக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் யாரையும் இழிவாகப் பேசவில்லை. மூன்று பேர் போட்ட பதிவுக்கு அவருடைய காலண்டரில் அறைகள் காலியாகும். அட்டவணைப் புத்தகக் காலத்தில் ஒரு சந்தை வரவும் பல வருடம் ஆகும், போகவும் பல வருடம் ஆகும். இப்போது இரண்டுமே ஒரு வாரத்தில் நடந்துவிடுகிறது. இணையமும் வளரும் சந்தையும் ஒன்று சேர்ந்தால் கிடைக்கும் வேகம் இது. வரும்போது இனிக்கும் அதே வேகம்தான், போகும்போது சிறியவரை முதலில் அடிக்கிறது.

கதவைக் காப்பவர் யார்?

2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் நிறுவனம் திவாலானது, 178 வருடத்துக்குப் பிறகு. வெளிநாடுகளில் சிக்கிய சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அரசே விமானம் அனுப்பித் திரும்ப அழைத்துவந்தது. கடன் சுமை பெரிய காரணம். வாடிக்கையாளர் தானே அறையையும் விமானத்தையும் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டதும் காரணம். இடைத்தரகர் காலம் முடிந்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. தரகர் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார்.

மாஃபுஷி என்று தேடினால் பெரிய பட்டியல் வருகிறது. பெரும்பாலோர் முதல் திரையைத் தாண்டிப் போவதில்லை. அந்த முதல் திரையில் யார் வருகிறார் என்பதைத் தீர்மானிப்பது தளம். கூடுதல் கமிஷன் கொடுக்கச் சம்மதித்தால் மேலே ஏற்றிக் காட்டும் திட்டங்களும் உண்டு. முன்பு அட்டவணைப் புத்தகத்தில் இடம் கிடைக்காதவருக்கு இப்போது பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. அது உண்மையான முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பதாவது இடம் கிடைப்பதும் இடம் கிடைக்காததும் வியாபாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு விஷயம் விலை. 'எங்கள் தளத்தில் போட்டிருக்கும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும், உங்கள் சொந்த இணையதளத்தில்கூட, விற்கக் கூடாது' என்று ஓ.டி.ஏ.க்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது பல காலம் வழக்கமாக இருந்தது. தன் கடையில் தானே விலையைக் குறைக்க முடியாத நிலை. ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2015ல் புக்கிங் டாட் காமுக்கு இதைத் தடை செய்தது, பிரான்ஸ் அதே வருடம் சட்டமே கொண்டுவந்தது. 2024ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நிறுவனத்தைத் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்கீழ் 'வாயிற்காவலர்' என்று அறிவித்து, இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்கு ஐரோப்பாவில் முற்றுப்புள்ளி வைத்தது. வாயிற்காவலர் என்பது நான் வைத்த பேர் அல்ல, சட்டத்திலேயே இருக்கும் சொல். பிரிவு பிரிவாகச் சட்டம் எழுதி வாதாட ஐரோப்பாவுக்கு ஆணையங்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு நாட்டின் பத்து அறை விடுதிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் இருப்பது ஒரு போன்.

அந்தப் போனை வைத்துத்தான் அவர் தன் வழியைப் பார்த்துக்கொள்கிறார். மாஃபுஷியில் மட்டுமல்ல, எல்லா நாட்டிலும் சிறிய விடுதிக்காரர்கள் செய்வதுதான் இது. நீங்கள் கிளம்பும் நாளில் பெட்டியைப் படகுத்துறைவரை கொண்டுவந்து வைத்துவிட்டு, கையில் ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். அதில் வாட்ஸ்அப் எண் இருக்கும். அடுத்த முறை வரும்போது, அல்லது நண்பர் யாராவது வரும்போது, நேரே இதில் ஒரு செய்தி போடுங்கள் என்பார்கள். முன்பு போட்ட கணக்கில் அந்த 36 டாலரை இப்போது எடுங்கள். அடுத்த முறை அதே அறையை நாலு நாளுக்கு 240க்குப் பதிலாக 220க்கு உங்களுக்கே நேரடியாகக் கொடுத்தால், உங்களுக்கு 20 டாலர் மிச்சம், வரியிலும் கொஞ்சம் குறையும். அவருக்கு 204க்குப் பதில் 220, ஆக 16 டாலர் கூடுதல். அது அந்தத் தீவிலேயே தங்கும். அந்த அட்டையைத் தொலைக்காமல் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.